முட்டைப் பெட்டிக்குள் எதை விரிப்பது? வைக்கோல், மரச்சீவல், உமி, நார்த்தூள், ரப்பர் மெத்தை: ஓர் ஒப்பீடு

கோழி இட்ட அந்த நிமிடமே முட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓடு ஈரமாக, லேசான வழவழப்போடு இருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்த ஈரம் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சாக ஓட்டின் மேல் படிந்துவிடும். ஓட்டில் இருக்கும் ஆயிரக்கணக்கான நுண்துளைகளை மூடிக் காப்பது அந்தப் பூச்சுதான். இதே நேரத்தில் இன்னொன்றும் நடக்கிறது. கோழியின் உடம்புச் சூடு ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டோடு வெளியே வந்த முட்டை ஆற ஆற உள்ளே இருப்பது சுருங்கும். சுருங்கும்போது வெளிக்காற்றை நுண்துளை வழியாக உள்ளே இழுக்கும். பூச்சு சரியாகக் காயாத அந்த வேளையில் முட்டை எதன் மேல் கிடக்கிறதோ, அதிலுள்ள ஈரமும் கிருமியும் உள்ளே புக வழி கிடைத்துவிடுகிறது.

அதனால்தான் கோழி முட்டையிடும் பெட்டிக்குள் போடும் விரிப்புக்கு இத்தனை முக்கியத்துவம். கூண்டுக்கும் தீவனத்துக்கும் பத்துப் பேரிடம் கேட்டு விசாரிப்பவர்கள், பெட்டிக்குள் மட்டும் கையில் கிடைத்ததை அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். முட்டை கெடுவது, கோழி இழுப்பு வந்து சாவது, முட்டையைக் கோழியே குடிக்கப் பழகுவது, பேன் பெருகுவது என்று பிறகு வரும் தொல்லைகளில் பல இங்கிருந்தே தொடங்குகின்றன.

தமிழ்நாட்டில் கொல்லையிலோ மொட்டை மாடியிலோ நாலைந்து கோழி வளர்ப்பவருக்குச் சுலபமாகக் கிடைக்கும் பொருள்களை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொன்றிடமும் கேட்பது நாலு கேள்வி. முட்டை விழும்போது தாங்கி, குழிவாக நிற்குமா? ஈரம் பட்டால் சீக்கிரம் காயுமா, ஊறிக் கிடக்குமா? கோழி கிளறினால் தூசி பறக்குமா? கொத்தித் தின்றால் என்ன ஆகும்? மெத்தென்று இருக்கிறதா என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

தரையில் போடும் கூளத்தையும் பெட்டியில் போடும் விரிப்பையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. கூளத்தின் வேலை எச்சத்தின் ஈரத்தை உறிஞ்சுவது. பெட்டியில் எச்சமே விழக்கூடாது. தரைக்கு அருமையான உமி, பெட்டிக்கு வரும்போது சொதப்புவதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.

வைக்கோல்: முதலிடம், ஆனால் எந்த வைக்கோல்?

நெல் வைக்கோலுக்கே முதலிடம் கொடுக்கிறோம். கோழி உள்ளே போய் நெஞ்சால் அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றினால் வைக்கோல் கிண்ணம் போலக் குழிந்துகொள்ளும். கோழி எழுந்து போன பிறகும் அந்தக் குழி கலையாது. தண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று பின்னிக் கிடப்பதால் இடையில் காற்று ஓடும். ஈர முட்டையில் ஒட்டாது. ஒன்றிரண்டு துண்டைக் கோழி கொத்தி விழுங்கினாலும் பெரிய கெடுதல் இல்லை.

இவ்வளவு நல்லதும் காய்ந்த, பூஞ்சை பிடிக்காத வைக்கோலுக்கு மட்டுமே பொருந்தும். இங்கேதான் வாங்கும் மாதம் முக்கியமாகிறது. டெல்டாவில் குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் விழும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம் அது. களத்திலேயே நனைந்து, சரியாகக் காயாமல் கட்டப்பட்ட வைக்கோல் அந்தச் சமயத்தில் நிறையச் சந்தைக்கு வரும், மலிவாகவும் கிடைக்கும். மாட்டுக்கே யோசித்துப் போட வேண்டிய வைக்கோல் அது, முட்டைப் பெட்டிக்கு ஆகவே ஆகாது. சம்பா, தாளடி அறுவடை தை, மாசியில் நடக்கும். அந்த வெயிலில் காய்ந்து வரும் வைக்கோலைத்தான் வருடத்துக்கும் சேர்த்து வாங்கி வைக்க வேண்டும். நாலைந்து கோழிக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு அரை கிலோ, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை முழு மாற்றம் என்று கணக்குப் போட்டால் வருடத்துக்கு 26 கிலோ. இடையில் மேலாகப் போடுவதையும் சேர்த்தால் 30 கிலோ, மிஞ்சிப் போனால் 40 கிலோ. மாட்டுத் தீவனத்துக்கு வாங்குபவரோடு சேர்ந்து வாங்கினால் செலவு தெரியாது.

கையால் அறுத்து அடித்த வைக்கோல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். தண்டு நசுங்காமல், தூசி குறைவாக இருக்கும். அறுவடை மெஷினில் வந்த வைக்கோல் நசுங்கிக் கிழிந்து, பதரும் தூசியும் கலந்து கிடக்கும். பேலர் மெஷினில் சுருட்டிய உருளைக் கட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சரியாகக் காயும் முன்பே சுருட்டிவிட்டால், வெளியே பொன்னிறமாக இருக்கும் கட்டின் நடுவில் கறுத்துக் கிடக்கும். கட்டின் மேற்புறத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்காதீர்கள். நடுவில் கையை நுழைத்துப் பாருங்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, நொதித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு பிடி இழுத்து முகர்ந்தால் களத்து வாசனை வர வேண்டும். பூட்டிக் கிடந்த அறையின் வாடை வரக்கூடாது.

கடைசிச் சோதனை வெயிலில். ஒரு பிடி வைக்கோலை எடுத்து, கதவிடுக்கில் விழும் வெயில் கோட்டில் வைத்து இரண்டு உதறு உதறுங்கள். நல்ல வைக்கோலில் சில பதர் விழும், கொஞ்சம் தூசி தெரியும், உடனே அடங்கும். கெட்ட வைக்கோலில் சாம்பல் நிறத்தில் புகை மாதிரி எழும்பி அந்த வெயில் கோட்டிலேயே மிதந்துகொண்டு நிற்கும். தண்டின் கணுவைக் கிள்ளிப் பார்த்தால் கறுப்புப் புள்ளியோ வெள்ளை மாவோ தெரியும். மிதப்பது வயல் தூசி இல்லை, பூஞ்சையின் வித்து.

ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை இந்த வழியாகத்தான் கோழிக்குள் போகிறது. கோழியின் நுரையீரலோடு காற்றுப் பைகள் இணைந்திருக்கின்றன. உடம்பு முழுக்கப் பரவிக் கிடக்கும் ஒன்பது பைகள். மூச்சில் போன வித்து அங்கே படிந்து முளைத்துவிட்டால் கோழி வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். சளி பிடித்த கோழி மாதிரி கொறகொறவென்ற சத்தம் பெரும்பாலும் இருக்காது. நோய் முற்றிய பிறகு மருந்து கொடுத்துப் பெரிய பலன் இல்லை. குஞ்சுகளுக்கு வந்தால் ஒரே வாரத்தில் வரிசையாகப் போய்விடும். பூஞ்சை பிடித்த வைக்கோலை அள்ளுகிற மனிதருக்கும் நுரையீரல் பாதிக்கும்.

"வெயிலில் இரண்டு நாள் போட்டால் சரியாகிவிடும்" என்று விற்பவர் சொல்வார். ஆகாது. காயவைத்தால் பூஞ்சை வளர்வது நிற்கும்; ஏற்கெனவே உண்டான வித்து போகாது. காய்ந்த பிறகு அது இன்னும் சுலபமாகப் பறக்கும். பூஞ்சை வைக்கோலை எருக்குழியில் போட்டுவிடுங்கள்.

நல்ல வைக்கோல் கிடைத்த பிறகு செய்ய வேண்டியவை இரண்டு. முதலில் நன்றாக உதறி, ஒட்டியிருக்கும் நெல்மணியை உதிர்த்துவிட வேண்டும். மணி இருந்தால் கோழி முட்டையிடப் போகாமல் இரை தேடப் போகும். காலால் கிளறும்போது முட்டை உடையும். உடைந்த முட்டையை ஒரு முறை ருசி பார்த்த கோழியைத் திருத்துவது பெரும்பாடு. எலியும் அந்த மணிக்குத்தான் வரும்; எலி வந்த இடத்துக்குப் பாம்பு வரும்.

இரண்டாவது, நீளம். முழு நீள வைக்கோல் கோழியின் விரலில் சுற்றிக்கொள்ளும். கோழி குதித்து இறங்கும்போது வைக்கோலோடு முட்டையும் வெளியே வந்து விழும். 4 முதல் 6 அங்குல நீளத்துக்கு அரிவாளால் வெட்டிக்கொள்ளுங்கள். மாட்டுத் தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் கொடுத்தால் ஒரு அங்குலத் துண்டாக வந்துவிடும். அது பின்னிக்கொள்ளாது, உமி மாதிரிச் சறுக்கி மூலைக்கு ஒதுங்கிவிடும்.

வைக்கோலின் ஒரே உண்மையான குறை, உள்ளே குழலாக இருப்பதால் ரத்தம் குடிக்கும் சிற்றுண்ணியான செள் ஒளிந்துகொள்ள இடம் கொடுப்பது. அதற்கு மாற்று நாளைத் தள்ளிப்போடாமல் இருப்பதுதான் வைத்தியம்.

மரச்சீவல்: நகரத்துக்குச் சரியான தேர்வு

வைக்கோல் கிடைக்காத ஊரிலும், வைத்துக்கொள்ள இடமில்லாத மாடி வீட்டிலும் இழைப்பு மெஷினில் விழும் சுருள் சுருளான மரச்சீவல் நல்ல மாற்று. வைக்கோலைவிட ஈரத்தை நன்றாக இழுக்கும், சீக்கிரம் காயும், செள்ளுக்கு ஒளிவிடம் குறைவு. குழிவாக நிற்பதில் மட்டும் வைக்கோலுக்கு ஒரு படி கீழே.

சீவலில் பார்க்க வேண்டியது மரம் எது என்பதைவிட, அதோடு என்ன கலந்திருக்கிறது என்பதை. இன்றைய தச்சுப் பட்டறைகளில் நல்ல மரத்தைவிடப் பிளைவுட்டும் எம்டிஎஃப் பலகையும்தான் அதிகம் அறுபடுகின்றன. இரண்டும் மரத்தைப் பசையால் ஒட்டிச் செய்தவை. அந்தப் பசையில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு இருக்கும். எம்டிஎஃப் தூளைக் கண்டுபிடிப்பது சுலபம். கோதுமை மாவு மாதிரி நைசாக, ஒரே பழுப்பு நிறத்தில் இருக்கும். விரலில் தேய்த்தால் மரத்தின் இழை தட்டுப்படாது. பிளைவுட் துணுக்கில் ஓரத்தில் அடுக்கடுக்கான கோடு தெரியும். பளபளப்பான செதில் கிடந்தால் அது வார்னிஷ் அல்லது பெயின்ட். லேசான பச்சைச் சாயல் தெரியும் மரத்துண்டு, செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தில் ஊறவைத்ததாக இருக்கலாம். இவற்றில் எது கண்ணில் பட்டாலும் அந்தப் பட்டறைச் சீவல் வேண்டாம்.

வேம்பு, மா, பலா, பைன் எதுவானாலும் காய்ந்த மரத்தின் சீவலாக இருந்தால் சரி. பச்சை மரம் அறுக்கும் மரவாடியில் அள்ளியது ஈரமாக இருக்கும். மூட்டையில் கட்டி வைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பூத்துவிடும். தேக்குச் சீவல் பெரிதாக இருந்தால் பரவாயில்லை. தேக்குத் தூள் தச்சர்களுக்கே தும்மலும் தோல் அரிப்பும் தரக்கூடியது, கோழியின் மூக்குக்கு அது வேண்டாம். எந்த மரமானாலும் தூளைப் பெட்டிக்குள் போடவே கூடாது. கோழி கிளறும்போதெல்லாம் பறந்து மூச்சில் போகும். தீவனம் என்று எண்ணிக் கொத்தி விழுங்கினால் கழுத்தடியில் உள்ள இரைப்பையில் கட்டியாக அடைத்துக்கொள்ளும். மணல் சலிக்கும் கம்பிச் சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் சீவலை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்தச் சங்கடம் தீர்ந்தது. கீழே விழுந்த தூளை எருக்குழிக்குக் கொடுத்துவிடலாம்.

செல்லப்பிராணிக் கடைகளில் முயல், வெள்ளெலிக்கு விற்கும் அழுத்திக் கட்டிய சீவல் பாக்கெட்டுகளும் பயன்படும். சுத்தமானவை, தூசி நீக்கியவை. பட்டறைச் சீவலோடு ஒப்பிட்டால் விலை பல மடங்கு. இரண்டே பெட்டி வைத்திருப்பவருக்கு அந்தச் செலவு தகும். பத்துக் கோழிக்கு மேல் போனால் தகாது. வாசனை சேர்த்த பாக்கெட்டை எடுக்காதீர்கள், முட்டை வாசனையை இழுத்துக்கொள்ளும். இறக்குமதிப் பாக்கெட்டில் 'சீடர்' என்று இருந்தால் அதுவும் வேண்டாம். அந்த மரத்தின் எண்ணெய் ஆவி மூச்சுக்குழலை உறுத்தும்.

பெட்டியையே சரக்கு அடுக்கும் பழைய பேலட் கட்டையில் அடிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கட்டையின் ஓரத்தில் கதிர் மாதிரி ஒரு முத்திரையும் பக்கத்தில் எழுத்துகளும் இருக்கும். 'ஹெச்டி' என்றால் சூட்டில் பதப்படுத்தியது, பயன்படுத்தலாம். 'எம்பி' என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அதைத் தவிருங்கள்.

உமி, நார்த்தூள், கடலைத்தோல்

மூன்றும் நம்மூரில் மூட்டை மூட்டையாகக் கிடைப்பவை. மூன்றையும் பெட்டிக்குப் பரிந்துரைக்க முடியவில்லை.

உமியின் மேல் விழுந்த முட்டையை ஒரு முறை பார்த்தால் காரணம் புரியும். ஈர ஓட்டில் பத்திருபது உமி முள் மாதிரிக் குத்திட்டு ஒட்டியிருக்கும். காய்ந்த பிறகு நகத்தால் ஒவ்வொன்றாகப் பெயர்க்க வேண்டும். பெயர்த்த இடத்தில் படகு வடிவில் ஒரு மங்கல் தடம் விழும். அந்த இடத்தில் ஓட்டின் காப்புப் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். கழுவினால் மிச்சமும் போகும். அதோடு உமி சறுக்கும். நாலு அங்குலம் போட்டாலும் கோழி இரண்டு முறை திரும்பினால் எல்லாம் ஓரத்துக்குப் போய், நடுவில் வெறும் பலகை தெரியும். அடுத்த முட்டை அதில் விழுந்து கீறும். சின்ன ரைஸ் மில்லில் வாங்கும் உமியில் தவிடும் கலந்திருக்கும். எறும்பு மொய்க்கும், கோழி கொத்தும். உமியைத் தரைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அதற்கு நிகரில்லை. பெட்டியில் போட்டே ஆக வேண்டும் என்றால் அடியில் ஒன்றரை அங்குலம் உமி, மேலே மூன்று அங்குலம் வைக்கோல். அதுவரை சம்மதம்.

தென்னை நார்த்தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். செடித்தொட்டிக்கு அது வரம். முட்டைப் பெட்டிக்கு அதுவே கேடு. குடித்த ஈரத்தை அது விடுவதில்லை. மழைக்காலக் காற்றில் இருக்கும் ஈரத்தையே இழுத்துக்கொண்டு மெத்தென்று நனைந்து கிடக்கும், முட்டை ஓட்டில் காபிக்கறை மாதிரிப் படியும். கோடையில் நேர்மாறாக, செம்பொடியாகப் பறக்கும். 'கோழிக்கு ஏற்ற படுக்கை' என்று அச்சடித்து விற்கும் நார்த்தூள் கட்டிகளும் இதே பொருள்தான். நீள நாரான மஞ்சியைப் போட்டால் வேறு வினை. நார் விரலில் சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று விரல் கறுத்துவிடும். விழுங்கினால் இரைப்பைக்குள் முறுக்கிக்கொள்ளும்.

கடலைத்தோலுக்கு வேறு யோசனையே வேண்டாம். நிலக்கடலையை விரும்பிப் பிடிக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்ததற்குக் காரணம், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சுதான். அஃப்ளடாக்சினே அதன் பிறகுதான் அடையாளம் காணப்பட்டது. தோலில் ஒட்டிக்கொண்டு வரும் உடைந்த பருப்பையும் சொத்தைக் கடலையையும் கோழி தேடித் தேடித் தின்னும். ஈரம் படாத புதுத் தோலைக் கூளமாகப் பயன்படுத்தும் பண்ணைகள் உண்டு. அங்கே தினம் கிளறிவிட ஆள் இருக்கிறார்கள். நம் பெட்டி மூலையில் அது கேட்பாரற்று நனையும்.

கழுவிப் போடும் மெத்தைகள்

ரப்பர் அல்லது பிளாஸ்டிக்கில் விரல் விரலாக நிற்கும் மெத்தைகளைப் பெரிய தாய்க்கோழிப் பண்ணைகளில் முட்டைப் பெட்டிக்குப் போடுகிறார்கள். இப்போது இணையக் கடைகளில் வீட்டுக்கும் கிடைக்கிறது. தின்ன முடியாது, தூசி இல்லை, பூஞ்சைக்கு இரை இல்லை, அழுக்கானால் எடுத்துக் கழுவி வெயிலில் உணர்த்திப் போடலாம். முட்டை சுத்தமாக வரும். கையில் இரண்டு செட் இருந்தால்தான் சரிப்படும். ஒன்று காயும்போது ஒன்று பெட்டியில்.

வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். அடியில் ஓட்டைகள் இருக்க வேண்டும். ஒரே அச்சில் வார்த்ததாக இருக்க வேண்டும். பால்கனிக்கு விற்கும் செயற்கைப் புல்விரிப்பை வெட்டிப் போடுபவர்கள் உண்டு. அது தைத்துப் பசை போட்டது. வெட்டிய ஓரத்தில் இழை பிரியும், கோழி அதைப் புழு என்று இழுத்து விழுங்கும். அடிப்பக்கம் தண்ணீர் தங்கி நாற்றம் எடுக்கும். விலை குறைவு என்று அதற்குப் போகாதீர்கள்.

இந்த மெத்தைகளிடம் கோழிக்கே ஒரு குறை உண்டு. அலகால் எடுத்து முதுகில் போட்டுக்கொள்ள, நெஞ்சால் தள்ளிக் குழி செய்ய அதில் ஒன்றுமில்லை. நாட்டுக்கோழி பல சமயம் அந்தப் பெட்டியைப் புறக்கணித்துவிட்டு வேலியோரச் சருகில் போய் இட்டுவிடும். மெத்தையின் மேல் இரண்டு கைப்பிடி வைக்கோலைத் தூவினால் வந்துவிடும். எங்கள் கணக்கில் பணம் செலவழிக்கத் தயாராக இருப்பவருக்கு இந்தக் கூட்டுதான் எல்லாவற்றிலும் மேல்: அடியில் மெத்தை, மேலே இரண்டு அங்குல வைக்கோல்.

பழைய சேலைத்துணி, சணல் சாக்கு, செய்தித்தாள் மூன்றும் அவசரத்துக்கு ஒரு நாள். அதற்கு மேல் துணியின் நூலும் சாக்கின் கண்ணியும் நகத்தில் மாட்டும். யூரியா வந்த பிளாஸ்டிக் சாக்கின் இழை கத்தி மாதிரி அறுக்கும். செய்தித்தாள் வழுக்கும், குஞ்சுகள் அதில் நின்றால் கால் இருபுறமும் விரிந்து ஊனமாகிவிடும். அலுவலகத்தில் நறுக்கிய காகிதத் துண்டு கொஞ்சம் மேல், ஆனால் ஸ்டேப்ளர் பின் கிடக்கிறதா என்று துழாவிப் பார்க்காமல் போடக் கூடாது.

அடைக்கு வைக்கும் கோழிக்குக் கணக்கு வேறு. 21 நாள் ஓரிடத்தில் உட்கார வேண்டியவள் அவள். மூங்கில் கூடையிலோ அகன்ற மண்சட்டியிலோ அடியில் இரண்டு அங்குலம் சலித்த ஆற்று மணலைப் போட்டுக் குழிவாக்கி, மேலே வைக்கோல் பரப்புவது நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கும் முறை. மணல் முட்டைகளை நடுவில் சேர்த்து வைக்கும். சூட்டையும் பிடித்து வைக்கும். எம்-சாண்ட் வேண்டாம், அதில் கல் தூசி அதிகம், துகளும் கூர்மை. இடிக்குக் கெடாமல் இருக்க இரும்புத் துண்டும் கரியும் மிளகாய் வற்றலும் வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், மிளகாயை மட்டும் கூடைக்கு வெளியே கட்டித் தொங்கவிடுங்கள். சூட்டில் அதன் நெடி கோழியின் கண்ணை எரிக்கும்.

விரிப்போடு சேர்க்கக் கூடியதும் கூடாததும்

நொச்சி இலை, வேப்பிலை போடலாம். பச்சையாக அள்ளிப் போட்டால் அடியில் புழுங்கிப் பூஞ்சைக்கு வழிவிடும். நிழலில் இரண்டு நாள் வாடவிட்டு, பெட்டிக்கு ஒரு கைப்பிடி போதும். இது பேனை அண்டவிடாமல் வைக்க உதவும். ஏற்கெனவே பெருகிவிட்ட பேனை ஒழிக்காது. சாம்பலை மண்குளியல் குழியில் போடுங்கள். பெட்டிக்குள் போட்டால் ஈர ஓட்டில் காரமாகப் படியும், மூச்சிலும் போகும். சுண்ணாம்பைப் பெட்டிச் சுவரில் அடித்து நன்றாகக் காயவிட்டால் இடுக்குகள் அடைபடும், அது நல்ல காரியம். விரிப்பில் தூவினால் கோழியின் நெஞ்சுத் தோல் வெந்துவிடும்.

அந்துருண்டையைப் பெட்டியில் போடுகிறவர்களை இன்னும் பார்க்க முடிகிறது. அது நஞ்சு, நெடி முட்டைக்குள் இறங்கிவிடும். எறும்புப் பொடி, எறும்பு சாக்பீஸ் எதுவும் முட்டை விழும் இடத்துக்குப் பக்கத்தில் வரக்கூடாது. பழைய வீடுகளில் காமாக்சின் பொடி டப்பா மிச்சமிருந்தால் கோழிக் கூண்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதிலுள்ள பிஹெச்சி என்ற பூச்சிக்கொல்லி இந்தியாவில் 1997இல் தடை செய்யப்பட்டது. அதன் வீரியமான வடிவமான லிண்டேனின் உற்பத்திக்கு 2011இலும் பயன்பாட்டுக்கு 2013இலும் தடை வந்தது. ஃபிப்ரோனில் கலந்த தெளிப்பு மருந்தும் ஆகாது. 2017இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் லட்சக்கணக்கான முட்டைகளைக் கடையிலிருந்து திரும்பப் பெற்றதற்குக் காரணம் அதுவே. மூலிகை மருந்து என்று விற்ற கரைசலில் அதைக் கலந்து கோழிக் கொட்டகையில் செள்ளுக்கு அடித்திருந்தார்கள், முட்டைக்குள் வந்துவிட்டது. 'இயற்கை' என்று எழுதியிருக்கும் புட்டியிலும் உட்பொருள் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அளவும் பராமரிப்பும்

பெட்டி ஒரு அடிக்கு ஒரு அடிக்கு ஒரு அடி. நாலைந்து கோழிக்கு ஒன்று. நாலு கோழிதான் என்றாலும் இரண்டு வைப்பது நல்லது. முன்பக்கம் நாலு அங்குலத் தடுப்பு இல்லாவிட்டால் எந்த விரிப்பும் நிற்காது. விரிப்பின் கனம் மூன்றிலிருந்து நாலு அங்குலம். பத்து லிட்டர் பெயின்ட் வாளி நிறையப் போட்டால் ஒரு பெட்டிக்குச் சரியாக இருக்கும்: வைக்கோல் என்றால் அரை கிலோவுக்குள், சீவல் என்றால் ஒரு கிலோவுக்குள். அழுத்தித் திணிக்க வேண்டாம். நடுவில் கை முட்டியால் ஒரு குழி போட்டுவிட்டால் மிச்சத்தைக் கோழி பார்த்துக்கொள்ளும். சித்திரை, வைகாசி வெயிலில் கனத்தைக் குறைக்காதீர்கள், முட்டை உடையும். அதற்குப் பதிலாகப் பெட்டியின் பின்பலகையில் மேலாக நாலைந்து துளை போட்டால் வெக்கை வெளியேறும்.

எவ்வளவு நல்ல விரிப்பும் கோழி இரவில் அதில் தூங்கினால் இரண்டே நாளில் பாழ். உட்காரும் கம்பு பெட்டியைவிட ஓரடியாவது உயரமாக இருக்க வேண்டும். கோழி உயர்ந்த இடத்தைத் தேடித்தான் அடையும். அப்படியும் கேட்காத கோழிக்கு, மாலை நாலு மணிக்குப் பெட்டி வாயை அட்டையால் மூடி, விடியலில் திறந்துவிடுங்கள். பெரும்பாலான கோழிகள் முற்பகலிலேயே இட்டு முடித்துவிடும் என்பதால் மாலையில் மூடுவதால் நஷ்டமில்லை.

தினமும் முட்டை எடுக்கும்போதே எச்சம் தெரிந்தால் சுற்றியுள்ள ஒரு பிடியோடு அள்ளி எறிந்துவிடுங்கள். முட்டை உடைந்து ஒழுகியிருந்தால் மொத்தத்தையும் அன்றே மாற்ற வேண்டும். மற்றபடி வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஐப்பசி கார்த்திகையில் வாரத்துக்கு ஒரு முறை. செள் என்கிற சிற்றுண்ணி நம்மூர்ச் சூட்டில் ஒரே வாரத்தில் முட்டையிலிருந்து வளர்ந்துவிடக் கூடியது. பகலில் பலகை இடுக்கில் ஒளிந்திருந்து ராத்திரியில் ரத்தம் குடிக்கும். அதனால் விரிப்பை மாற்றும் நாளில் பெட்டியின் மூலை இடுக்குகளில் வெள்ளைக் காகிதத்தைத் தேய்த்துப் பாருங்கள். காகிதத்தில் சிவப்புக் கோடு விழுந்தால் செள் இருக்கிறது. அன்று விரிப்பை எருக்குழியில் போடக் கூடாது, எரித்துவிட வேண்டும். காலிப் பெட்டிக்கு இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி, ஒரு முழுநாள் வெயிலில் கவிழ்த்து வைத்து, மறுநாள் புது விரிப்பு போடலாம்.

வைக்கோலைச் சேமிக்கும்போது பிளாஸ்டிக் தார்பாயில் சுற்றி வைக்காதீர்கள், உள்ளே வியர்க்கும். தரையிலிருந்து அரையடி உயரத்தில் இரண்டு கட்டையை வைத்து அதன் மேல் அடுக்கி, சாரல் வரும் பக்கத்தை மட்டும் தார்பாயால் மறைத்தால் போதும். மழை தொடங்கும் முன், புரட்டாசிக் கடைசியில், ஒரு மாதத்துக்கு வேண்டியதை வெட்டி, காற்றுப் போகும் சணல் சாக்கில் கட்டி அடுப்படிப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

செள் இல்லாத பழைய விரிப்பு தென்னைக்கும் வாழைக்கும் நல்ல மூடாக்கு. தண்டை ஒட்டாமல் ஓரடி தள்ளிப் போடுங்கள்.